படத்துக்குப் பின்னால் பன்னிரண்டு

பீப்... பீப்...... பீப்.........

அப்புறம் பீப்பே இல்லை!

மயக்க மருந்து டாக்டர் நூபியா மானிட்டரைப் பார்த்தாள். பச்சைக் கோடு படுத்துவிட்டது.

"கமர்கோ, வயித்துல ஊதின கேஸை வெளியே விடுங்க. ஹார்ட் நின்னுடுச்சு."

"ஒரே நிமிஷம் நூபியா. பித்தப்பை இப்பதான் அழகா தெரியுது. வீடியோ ஓடிட்டிருக்கு."

மேஜையில் கிடந்தவர் டோன் எவெலியோ. பர்ரான்கியா நகரத்துத் திருவிழாவான கார்னிவலுக்கு இந்த வருஷ ராஜா. சர்ஜன் கமர்கோவுக்கு இன்டர்நெட்டில் எட்டு லட்சம் ரசிகர்கள். ராஜாவின் பித்தப்பையை எடுப்பதை ரசிகர்கள் பார்க்க வேண்டாமா?

நூபியா காத்திருக்கவில்லை. தொப்புள் பக்கம் செருகியிருந்த குழாயின் திருகைத் திறந்துவிட்டாள். புஸ்ஸ்ஸ்... உப்பியிருந்த வயிறு இறங்கியது. ஊசி போட்டாள். நெஞ்சை அமுக்கினாள்.

நாற்பது விநாடி கழித்து... பீப்.

ராஜா பிழைத்தார். நூபியா மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை. அதே ஆபரேஷன் தியேட்டர். இன்ஸ்பெக்டர் வில்மர் போலோ கைவிலங்கோடு வந்து நின்றார். பக்கத்தில் கமர்கோ.

"நீங்க மருந்தை மாத்திப் போட்டீங்கன்னு டாக்டர் கமர்கோ புகார் கொடுத்திருக்கார். ராஜாவுக்கு இன்னும் மூத்திரம் வரல. சனிக்கிழமை ஊர்வலம். மேலிடத்துலேருந்து போன் மேல போன். யாரையாவது உள்ளே வெச்சாகணும் டாக்டரம்மா."

"யாரையாவதா?"

"குத்தவாளியாவே கிடைச்சா இன்னும் நல்லது."

நூபியாவுக்குப் பதினேழு வருஷ வேலை. ஜெயிலுக்குப் போனால் லைசென்ஸும் போய்விடும்.

"கேளுங்க சார். வயித்துக்குள்ள கேஸ் ஊதினாதான் கேமரா போக இடம் கிடைக்கும். அழுத்தம் பன்னெண்டு போதும். இவர் வீடியோவுக்காக இருபதுக்கு மேல ஏத்திட்டார். அவ்வளவு ஏத்தினா வயித்துல ஓடற பெரிய ரத்தக்குழாய் நசுங்கும். கால்லேருந்து ரத்தம் மேல வராது. வராத ரத்தத்தை ஹார்ட் எப்படி பம்ப் பண்ணும்? வயித்தோட உள்சவ்வு விண்ணுனு இழுபட்டா நரம்பு வழியா துடிப்பும் குறையும். கிட்னிக்கும் ரத்தம் பத்தாது. அதான் மூத்திரம் வரல. நுரையீரலையும் மேல தள்ளி நெருக்கிடும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "புரியுது. எங்க வீட்டு ஹால்ல மாமியார் வந்து உட்கார்ந்தா, நாங்க எல்லாரும் சுவரோட ஒட்டிக்கிட்டு நிப்போம்."

"கட்டுக்கதை," என்றார் கமர்கோ. "நான் வெச்சது பன்னெண்டு. மெஷின்லயே பாருங்க."

கேஸ் மெஷினைச் சுற்றி போலீஸ் ரிப்பன். அதன் நம்பர் கண்ணாடி மேல், ரோஸ் அங்கி போட்டு இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் குழந்தை இயேசு படம். அந்த க்ளினிக்கில் அவரைத் தொட்டுக் கும்பிடாமல் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள்.

"படத்தை எடுங்க," என்றாள் நூபியா.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். மடக்கினார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"நானா? என் மனைவிக்கு எட்டாம் மாசம்!"

"மூணு நாளா யாருமே எடுத்துப் பார்க்கலையா?"

"சாமி படம்மா..."

கமர்கோ புன்னகைத்தார்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த யாசிரா துடைப்பத்தைச் சாத்தினாள். "தள்ளுங்க. நான் பெந்தெகொஸ்தே சபை. எங்களுக்கு அது வெறும் காகிதம்."

சர்ர்ரக்!

கண்ணாடியில் நம்பர் தெரிந்தது.

12.

"நான் சொல்லல?" கமர்கோ சிரித்தார்.

கைவிலங்கு கிளிக்கென்று திறந்தது. நூபியாவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்தாள். அழுகை முட்டியது. தரையில் மெஷினின் ஒயர். அதன் நுனியில்...

அழுகை நின்றுவிட்டது.

"இன்ஸ்பெக்டர்... இந்த மெஷினுக்கு கரன்ட் எங்கேருந்து வருது?"

பிளக் தரையில் கிடந்தது.

"ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே நான்தானே பிடுங்கிப் போட்டேன், துடைக்கறதுக்கு," என்றாள் யாசிரா.

இன்ஸ்பெக்டர் நகத்தால் 12-ஐச் சுரண்டினார். ஓரம் கிளம்பியது. கண்ணாடி அளவுக்குக் கச்சிதமாக வெட்டிய பளபளப்புக் காகிதம்!

"போலீஸ் வர்றதுக்குள்ள இதையும் ஒட்டி, மேல சாமியையும் நல்லாவே ஒட்டியிருக்கீங்க டாக்டர்."

பிளக்கைச் செருகினார்கள். கடைசியாக வைத்த அழுத்தம் சிவப்பில் எரிந்தது.

24.

"ராஜா கொஞ்சம் குண்டு... அதனால..." கமர்கோவுக்கு வியர்த்து ஊற்றியது. கைவிலங்கு அவர் மணிக்கட்டுக்கு இடம் மாறியது.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. கேட்டவர் முகம் மலர்ந்தது.

"ராஜாவுக்கு மூத்திரம் வந்திருச்சாம்!"

நூபியா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, மறைக்காமல் அழுதாள்.

யாசிரா குழந்தை இயேசு படத்தைத் துடைத்து, மரியாதையாக இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள்.

"மூணு நாளா கரன்ட் இல்லாமயே மெஷினை ஓட்டியிருக்காரே... உங்க சாமி அற்புதம் பண்றவர்தான் சார். ஞாயித்துக்கிழமை எங்க பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."