கருவேல ஆப்பு

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, என் கிணற்றடியில் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. பின்னால் மூட்டை, பாய், கூடாரத் துணி. கல்பாக்கம் குடியிருப்புப் பையன்கள், கல்லூரியில் படிப்பவர்கள். ஒருவன் ஷ்யாம், இன்னொருவன் ஹரிகிருஷ்ணன்.

“பெரியவரே, இந்தப் புங்க மரத்தடியில கூடாரம் போட்டுக்கலாமா? காலையில கிளம்பிடுவோம்,” என்றான் ஷ்யாம்.

“இன்னாத்துக்கு சைக்கிள்ல சுத்திகினு கீறீங்க? பஸ்சு ஓடலியா?”

“சும்மா, ஊர் பாக்கத்தான்.”

“வேர்க்கடல புடுங்கின நெலத்துல இன்னா பாப்ப? மண்ணாங்கட்டியா?”

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் பக்கம் நாலு கிணற்றில் செம்பு ஒயர் திருடு போயிருந்தது. சும்மா வருகிறவனை நான் நம்புவதில்லை. சைக்கிள்களைப் பூட்டச் சொல்லி, சாவிகளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“நாளைக்குப் போவசொல்ல வாங்கிக்கோ. கெணத்துல மட்டும் எறங்காதீங்க. பாசி வழுக்கும்.”

பாசி இல்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அமுக்கி, அது எழும்பாதபடி ஒரு ஆப்பைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். என் ஆப்பு கருவேலம். எவனும் தன்னுடையது என்று சொல்லக்கூடாது என்று தலையில் மூன்று வெட்டு போட்டு வைத்திருந்தேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு ஒரு மதியம், என் பெண்டாட்டி சகுந்தலாவின் தம்பி சடையப்பன், அடைத்துக்கொண்ட வால்வைப் பார்க்கக் கிணற்றில் இறங்கினான். கிணற்றுக்குள் மோட்டாருக்குப் போகும் ஒயரில் தோல் உரிந்திருந்தது. ஆப்பை எடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். எடுக்கவில்லை. சோற்றில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. நாலு நாளாக ரெண்டு மணிக்குத்தானே கரண்ட் வருகிறது, சாப்பிட்டுப் போவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கே வந்துவிட்டது.

பாசி வழுக்கிச் செத்தான் என்று ஊரை நம்பவைத்தேன். சகுந்தலாவையும். ஆப்பைக் கிணற்றில் எறிந்தேன். ஒயரை மாற்ற எத்தனையோ முறை நினைத்தேன். கிணற்றில் இறங்கத்தான் என்னால் முடியவில்லை.

பையன்களை விட்டுவிட்டு அன்றைக்கும் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தேன். தட்டிலிருந்து கருகிய ரப்பர் நாற்றம் வந்தது.

எழுந்துவிட்டேன்.

“சோத்த உட்டுட்டு எங்க ஓடற?” என்று சகுந்தலா கத்தினாள்.

உச்சி வெயில். ஒரு காக்கை இல்லை. புங்க மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. மோட்டார் கொட்டகையில் ஷ்யாம் மட்டும் நின்றான்.

“எங்கடா உன் கூட்டாளி?”

“கிணத்துல. கீழ ஒருத்தர் தனியா வால்வு பாத்துட்டிருக்காரு. கை குடு தம்பின்னு கூப்பிட்டாரு. எனக்கு என்னமோ பிடிக்கல, போயிடலாம்னு ஹரிகிட்ட சொன்னேன். சாவி உங்ககிட்ட இருந்துச்சு.”

ஸ்டார்ட்டரைப் பார்த்தேன்.

பச்சை பட்டனில் ஆப்பு.

தலையில் மூன்று வெட்டு. சொட்டச் சொட்ட ஈரம்.

“இத யாரு வெச்சது?”

“நான்தான். அவர் கீழேருந்து தூக்கிப் போட்டாரு. செருகச் சொன்னாரு,” என்று கிசுகிசுத்தான்.

இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சுவருக்குள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. நிதானமான குரல்.

“மச்சான், சாப்ட்டியா?”

ப்யூஸ் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மூன்றாவது என் கைக்கு வந்த அதே நொடி, பக்கத்து நிலத்தில் ராமானுஜத்தின் மோட்டார் உறுமியது.

கரண்ட் வந்துவிட்டது.

ஹரிகிருஷ்ணன் தானாக ஏறி வந்தான். உதடு வெளுத்திருந்தது.

“கீழ யாருமே இல்ல பெரியவரே,” என்றான். “ஆனா இவ்வளவு நேரமும் என் கைய விடவே இல்ல.”

மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்திருந்தது. சாவிகளைக் கொடுத்தேன். கூடாரத்தைக்கூடப் பிரிக்காமல் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஆப்பை இழுத்தேன். சும்மா கையோடு வந்தது. அடுப்பில் போட்டுச் சாம்பலாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாரை விற்றேன். கிணற்றை மண்ணடித்து மூடினேன். ஏழு வருஷம் ஆகிறது. சகுந்தலாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தம்பி செத்த நாளில் வருஷா வருஷம் அவள் படையல் போடுகிறாள். நானும் கும்பிடுகிறேன்.

நேற்று மதியம் சோறு போட்டாள். பிசைந்துகொண்டிருந்தேன். தண்ணீர்ச் சொம்பு வைக்கக் குனிந்தவள், என் தட்டின் பக்கத்திலிருந்து எதையோ எடுத்தாள்.

“இன்னா இது, தட்டாண்ட வெச்சுகினு கீற? ஈரமா கீது.”

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூணு வெட்டு வேற போட்டுக் கீது. உன்னுதுதானே?”

என் கை சோற்றிலேயே இருந்தது.