பேசாதிருந்த வெள்ளிக்கிழமை

சாருஜா வீட்டுக்குள் வந்த சத்தம் யோகராணிக்குக் கேட்கவில்லை. வெங்காயம் வதங்கும் வாசனைக்குள் நின்றபடி திரும்பியபோது, மகள் ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கனத்த பனிச்சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் அந்தப் பழைய அடுக்குமாடியில் பூனை நடந்தாலும் முனகுகிற மரத்தரை, அவள் நடந்ததற்கு முனகவில்லை.

அன்று காலையிலிருந்து மாலை ஆறு மணிவரை வாய் திறப்பதில்லை என்று அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சவால் எடுத்திருந்தார்கள். நகரத்துக்கு வடக்கே ஏரிக்கரைக் காட்டில் பிள்ளைகளுக்கென ஒரு முகாம் கட்டுகிறார்கள். வள்ளம் வலிக்கலாம், மரமேறலாம், கூடாரத்தில் படுக்கலாம். பேசாமல் இருந்து காட்டும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் கொடுக்கும் பணம் அதற்குப் போகும். முருகன் கோயிலில் கண்டவர்களையெல்லாம் மறித்து ஆதரவு கேட்டவள் சாருஜாதான். அந்த வாயாடியால் மத்தியானம்வரைகூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று, டாக்ஸி ஓட்டப் புறப்பட்ட தகப்பன் விமலநாதன் காலையில் சிரித்துவிட்டுப் போனான்.

தாக்குப்பிடித்துவிட்டாள். அதுதான் யோகராணிக்கு உறுத்தியது.

அடுப்பை அணைத்துவிட்டுக் காதுகொடுத்தாள். சுவரோரத்துச் சூடேற்றிக் குழாய் டொக் டொக்கென்று தட்டியது. கீழே பஸ் ஒன்று ஈரச்சேற்றை அரைத்துக்கொண்டு போனது. சாருஜா பிறந்ததிலிருந்து தொய்வுக்காரி, மூச்சிழுப்பு உண்டு; பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது எப்போதும் கேட்கும். இப்போது கேட்கவில்லை. மகள் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் பட்டது. அதற்கும் சத்தமில்லை.

ஆறு மணிச் செய்தி தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே எப்போதோ இருட்டிவிட்டிருந்தது.

"முடிஞ்சுது பிள்ளை. இனிக் கதைக்கலாம்."

சாருஜா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். அவ்வளவுதான்.

"அம்மாவோட விளையாடாதை. ஒரு சொல்லு சொல்லு."

யோகராணி அவளை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்னால் நகர்ந்து, போனை எடுத்துப் பாலாம்பிகைக்கு அடித்தாள். பாலாம்பிகையின் மகன் நிதுசனும் அதே வகுப்பு.

"அக்கா, உங்கட பெடியன் கதைக்கிறானோ?"

"இல்லை யோகம். வந்ததிலயிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழப்படி இல்லாமல் இருக்கிறான் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

"நேற்று பிள்ளையளை அந்த முகாம் காட்டைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவையல்லோ. அங்கை என்ன செய்தவை?"

"ஏரியைப் பாத்துத் தங்கட பேரைச் சொல்லிக் கத்தச் சொன்னவையாம். குரலை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ, பேந்து தாறம் எண்டு சொன்னவையாம். விளையாட்டுக்குத்தானே. ராத்திரி நிதுசன் சொல்லிச் சிரிச்சவன்."

"ஆர் சொன்னது? ரீச்சரோ?"

"அது தெரியேல்லை. பொறு, அவனைப் பாத்திட்டு வாறன்."

போனை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு காற்று. வீட்டுக்குள் அடிக்கிற காற்றல்ல. உயரமான மரங்களுக்கு நடுவே நீண்டு வருகிற காற்று. ஈரமான இலைகளை யாரோ மெல்ல மிதிக்கிறார்கள். கரையில் தண்ணீர் மோதுகிறது. அதற்கு நடுவே ஒரு நெஞ்சு விசில் ஊதியது.

"அம்மா."

போனில் சாருஜாவின் குரல். மேசையில் சாருஜாவின் உதடுகள் அசைந்து, மூடின.

"அம்மா, இஞ்சை குளிருது."

மறுபடியும் அந்த உதடுகள். சொல்லுக்குச் சொல். சத்தமில்லாமல்.

"சாருஜா!"

போனுக்குள் கத்திவிட்டாள். அந்தப் பெயர் தண்ணீருக்கு மேலே போனது. தூரத்தில் எங்கோ பட்டது. திரும்பவில்லை.

மகளைப் பிடித்து உலுக்கி மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை. போனைக் கீழே போட்டாள். அது விழுந்த சத்தமும் இல்லை.

தரையில் கிடந்த போனிலிருந்து அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

"ஓம் பிள்ளை. வந்திட்டன்."

இலைகளின் மேல் இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். மகள் ஏதோ கேட்டாள், தாய் பதில் சொன்னாள், இருவரும் சிரித்துக்கொண்டே தூரப் போனார்கள்.

யோகராணி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குக் கீழே அவளுடைய உதடுகள், அங்கே பேசப்படுகிற ஒவ்வொரு சொல்லுக்கும், அசைந்துகொண்டே இருந்தன.