பெயர் சொன்னால் இறக்கும்

செவ்வாய்க் கிரகத்தின் பனிச்சுரங்க வாசலில் சங்கு ஊதியதும் உலகம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிடத் தொடங்குவாள். "கருத்தான், இறக்கு. நெட்டையா, இறக்கு. ஒத்தக்கண்ணா, இறக்கு." பெயரைக் கேட்ட இயந்திரம் முதுகிலிருக்கும் பனிப்பாளத்தைத் தரையில் வைக்கும். நாற்பத்தெட்டுச் சுமையன்கள், ஒரு நாளைக்கு இருபது நடை. பதினொரு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

மொத்தமாக ஒரே தடவை சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சுமையனுக்கும் ஒரு கட்டளைப் பட்டியல் உண்டு. அதில் 'இறக்கு' என்றால் சுமையை வை. நாற்பத்தெட்டும் சேர்ந்த குழுவுக்குத் தனிப் பட்டியல். அதை எழுதியவர் வேறு யாரோ. அதிலும் ஓர் 'இறக்கு' இருந்தது: கடைசி ஆளைக் குழுவிலிருந்து நீக்கு. எல்லோரையும் சேர்த்துச் சொன்னால் குழுவின் பட்டியல்தான் ஜெயிக்கும். ஒரு சுமையும் இறங்காது. கடைசிச் சுமையன் மட்டும் பாவமாகக் கொட்டகைக்கு நடந்துவிடும்.

அதைச் சரிசெய்ய நிரலர் ஜெரால்டு வந்தார். குழுக் கட்டளையின் பெயரை 'விலக்கு' என்று மாற்றினார். இனி எல்லோருக்கும் சேர்த்து 'இறக்கு' என்றால் அது ஒவ்வொரு சுமையனின் பட்டியலுக்கே போகும். அரைமணி வேலை.

"இனிமே தொண்டை வலிக்காதுக்கா."

"வலி போவும் சார். சோறும்லா கூடவே போவும்?"

வேலை இல்லாதவர்களை அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். ஈர்ப்பு குறைந்த இங்கே லேசாக நடந்து பழகிய அவள் எலும்பு அங்கே தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஜெரால்டு ஒலிபெருக்கியில் சொன்னார்: "எல்லாரும், இறக்கு."

ஒன்றும் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னார். கட்டளை போய்ச் சேர்ந்ததாகக் கருவி பச்சை காட்டியது. ஆனால் சுமையன்கள் பழக்கத்தில் கற்பவை. பெயர் சொல்லாத கட்டளை தனக்கில்லை என்று பதினொரு வருடத்தில் படித்துவைத்திருந்தன.

"கருத்தான், இறக்கு," என்றாள் உலகம்மாள். பாளம் பதமாகத் தரையில் இறங்கியது.

"படிச்சதை அழிச்சிட்டா?"

"அழிச்சா சுரங்கத்துக்கு வழியும் மறந்துரும் சார். பொதுவாச் சொன்னா எவன்தான் வருவான்?"

மேலாளர் அவளையே தொடரச் சொல்லிவிட்டார். "மெஷினுக்கு இவ்வளவு வீறாப்பா!" என்று ஜெரால்டு தலையில் அடித்துக்கொண்டார்.

மதியம் சமையற்கூடத்திலிருந்து, "எல்லாரும் சாப்பிட வாங்க," என்று குரல் வந்தது. பந்தி முடிகிற நேரம். ஜெரால்டைக் காணவில்லையே என்று உலகம்மாள் தேடிப் போனாள். அறையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடலையா சார்?"

"என்னை யாருக்கா கூப்பிட்டா?"