ஆமென் கேட்ட தூரம்

ஜெஃப்ரியின் ‘ஆமென்’ அன்று கொஞ்சம் பக்கத்திலிருந்து கேட்டது.

ஜெயசீலி கண்ணைத் திறந்தாள். தம்பி எதிர்ச்சுவர் ஓரத்து நாற்காலியில்தான் இருந்தான், எப்போதும் போல மடியில் கை கோத்தபடி.

அம்மா போனபின் குரோம்பேட்டை வீட்டில் இவர்கள் இருவர்தான். வெறி வந்தால் ஜெஃப்ரி அவளை ‘அடியே’ என்பான். அப்படியொரு நாளில்தான் அவள் மணிக்கட்டை ஒடித்தான். மாத்திரைகள் எதற்கும் அடங்காமல், கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். அதன்பிறகு ‘அக்கா’ மட்டும்தான்.

“காந்தத்தை மட்டும் நெஞ்சுகிட்ட கொண்டுபோகாதீங்க. மெஷின் ஆஃப் ஆயிடும்,” என்று டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில் இருந்தான்.

அந்த ஆமெனுக்கு மறுநாள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவள், அப்பாவின் பழைய ரேடியோ திறந்து கிடப்பதைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் காந்தம் இல்லை.

“இத யாருடா கழட்டினது?”

“எலியா இருக்கும்க்கா.”

“எலி ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்குமா?”

“இந்தக் காலத்து எலிக்கா,” என்று சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் அவளுக்கு ஒப்பவில்லை.

இருட்டும் நேரத்தில் கரண்ட் போயிற்று. உருகும் மெழுகின் வாடையும், ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ்களின் உறுமலும், தாம்பரம் போகும் மின்ரயிலின் நீண்ட தடதடப்பும் அறைக்குள் வந்து தேங்க, சந்தேகத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவள் வழக்கம்போல் கண்மூடி ஜெபத்தைத் தொடங்கினாள்.

நாற்காலி முனகியது. தரையில் வெறுங்கால் உரசியது. சட்டைப் பித்தான் கழலும் சின்னச் சத்தம், மிக அருகில்.

ஜெபம் நடக்கும்போது அந்த வீட்டில் யாரும் கண் திறந்ததில்லை.

இமையை நூலளவு விலக்கினாள்.

வாசலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தான். திறந்த சட்டை. பேட்டரிப் புடைப்பின் மேல் ஸ்பீக்கரின் கறுப்புக் காந்த வளையம். முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

ஆமெனுக்காகக் காத்திருக்கிறான்.

அவள் நிறுத்தவில்லை. போதகருக்காக ஜெபித்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்காக. பக்கத்து வீட்டு காந்தாவுக்காக. பால்காரருக்காக.

பிறகு யாரும் மிஞ்சவில்லை.

மெழுகுவர்த்தி துடித்தது. காதோரம் சூடான மூச்சு.

“ஆமென் சொல்லுடி.”