சிவப்பு ரிப்பன் முடிச்சு

அவர்கள் அந்த வாடகை வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பாதி பிரித்த அட்டைப்பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. ஃப்ரிட்ஜ் மட்டும் வீட்டோடு வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது.

"எல்லாம் ஓடுது, ஐஸ் மட்டும் விழ மாட்டேங்குது" என்றாள் புதிதாகக் குடிவந்த அம்மா, பழுது பார்க்க வந்த மெக்கானிக்கிடம். "பாப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. ஒரு வாரம் பேசக் கூடாது, ஐஸ் கொடுங்கன்னு டாக்டர் சொன்னார்."

கதவோரம் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்.

"சரியான வாயாடி. இப்ப வீடே வெறிச்சுன்னு இருக்கு. எப்படா 'அம்மா'ன்னு கூப்பிடுவாளோன்னு தவிச்சுப் போய்க் கெடக்கேன்."

மெக்கானிக்குக்குத் தன் கைராசி மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. "பத்து நிமிஷ வேலைம்மா" என்றான். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துக் குழாயைப் பார்த்தான், தண்ணீர் வந்தது. வால்வும் சரி, ஃபில்டரும் சரி. பட்டப்பகலில் வேர்த்து விறுவிறுத்த பிறகுதான் ஃப்ரீசருக்குள் டார்ச் அடித்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

தானாகவே ஐஸ் கட்டி செய்து தட்டில் போடும் ஐஸ் மேக்கரின் பக்கவாட்டில் ஒரு கம்பி இருக்கும். தட்டு நிறைந்ததும் ஐஸ் அதை மேலே தூக்கும், இயந்திரம் நின்றுவிடும். இங்கே தட்டு காலி. ஆனால் கம்பியை யாரோ தூக்கி, சிவப்பு ரிப்பனால் கட்டியிருந்தார்கள். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேலும் முடிச்சு.

"எந்த மகாபுத்திசாலியோ!" என்று சிரித்தபடி வெட்டி, ரிப்பனை டூல்ஸ் பைக்குள் திணித்தான்.

கம்பி கீழே இறங்கியது.

உள்ளிருந்து குளிர் மெதுவாக வந்து அவன் முகத்தில் பட்டது. வெகுநேரம் அடக்கிய மூச்சை யாரோ விட்டது போலிருந்தது.

"முதல்ல வர்ற ஐஸைக் கொட்டிடுங்க. அடுத்ததைக் கொடுங்க" என்றான். எந்த வீட்டிலும் அவன் சொல்வதுதான்.

கிளம்பும்போது குழந்தை அவன் சட்டையைப் பிடித்தாள். ஃப்ரீசரைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள், வேகமாகத் தலையாட்டினாள்.

"ஐஸ் வந்துரும் கண்ணு, பயப்படாதே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் குழந்தையின் அம்மா போன் செய்தாள். உடனே வரச் சொன்னாள்.

பெட்டிகள் அன்று கிடந்தபடியே கிடந்தன. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. குழந்தை சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

"புண் ஆறிடுச்சாம். குரல் மட்டும் வரலை, டாக்டருக்கே புரியலை" என்றாள் அம்மா. "முதல் ஐஸைக் கொட்டத்தான் போனேன். எரியுதுன்னு தொண்டையைக் காட்டி அழுதா. மனசு கேக்காம ஒண்ணு கொடுத்துட்டேன்."

டொக்.

ஃப்ரீசருக்குள் ஐஸ் விழுந்தது.

"அம்மா."

சின்னக் குழந்தையின் குரல். அவன் திடுக்கிட்டு மேஜையைப் பார்த்தான். குழந்தை இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள்.

டொக்.

"அம்மா, குளுருது."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவன்தான். பைக்குள்ளிருந்து ரிப்பனை எடுத்து, ஃப்ரீசரைத் திறக்கப் போனான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்தது.

"தொடாதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

"கரண்ட் போனா பேச்சு நின்னுடுது. நிக்காம ஓட ஏதாவது வழி பண்ணுங்க."

டொக்.

"அங்கிள், அந்த ரிப்பனைத் தூக்கிப் போடுங்க."

ரிப்பன் அவன் கையிலிருந்து நழுவியது.

"அம்மா, இங்க வா."

"இதோ வந்துட்டேன்டா கண்ணு." அவள் ஃப்ரீசர் கதவில் கன்னத்தை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

குழந்தை ஓடி வந்து அம்மாவின் துணியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள்.

அம்மா திரும்பவே இல்லை.