இரண்டு மணிக்கு வருபவள்

1978ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான்காந் திகதி. எங்கள் தீவின் வைத்தியசாலைக்கு இரண்டாவது தாதி ஒருவரை அனுப்பும்படி எழுதிய விண்ணப்பத்துக்குப் பதினொரு மாதங் கழிந்தும் ஒருவரிப் பதில் வரவில்லை.

அன்று முற்பகல் விநாயகமூர்த்தியைத் தூக்கிவந்து ஐந்தாங் கட்டிலிற் கிடத்தினார்கள். தோட்டத்திற் புடையன் பாம்பு தீண்டியதால் அவனுடைய சிறுநீரகங்கள் நின்றுபோயிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் ஓடவில்லை.

"சிறுநீர் வந்தாற் பிழைப்பான். அதுவரை நாளுக்கு இருபது அவுன்ஸ் தண்ணீர்தான். இளநீர் ஒரு மிடறும் ஆகாது; அதன் உப்பு வெளியேறாமல் இதயம் நின்றுவிடும்" என்றார் வைத்தியர். தாதி மாக்கிறேற் தலையசைத்தாள். இரண்டு இரவுகளாக அவள் உறங்கவில்லை.

ஆறாங் கட்டிலிற் பஸ்ரியாம்பிள்ளை. இரண்டு வருடமாகச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லப் பழுதுபட்டு, கால்கள் வீங்கிய கடற்றொழிலாளி. அவருக்கும் அதே கட்டுப்பாடுதான்.

"நாப்பது வருசம் கடலுக்குள்ள நிண்டனான், மிஸ்ஸி. கரையில தாகத்தால சாகப்போறன். உம்மட கோப்பையில நுளம்பு விழுந்தாலும் தண்ணி வழியும்."

"வழிஞ்சால் அதையும் அளந்து எழுதுவன், அண்ணை."

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணி. கதிரையில் இருந்தபடியே மாக்கிறேற் கண்ணயர்ந்துவிட்டாள். புதிதாகச் சீவிய இளநீரின் வாசனை அவளை எழுப்பிற்று. ஐந்தாங் கட்டிலின் கீழே வாய் சீவிய செவ்விளநீர் ஒன்று, நீர் குறையாமல் இருந்தது.

"ஆர் தந்தது?"

"ஒரு மனுசி, மிஸ்ஸி. தலையெல்லாம் நனைஞ்சிருந்தது. 'குடி ராசா, சூடு தணியும்' எண்டவ. நான் குடிக்கேல்லை."

மாக்கிறேற் அந்த இளநீரை வெளியே கொண்டுபோய் ஊற்றினாள். ஐந்து வருடத்துக்கு முன் இதே கட்டிலில், இதே நோயோடு கிடந்த தன் மகனுக்குக் கத்தரீனா களவாக இளநீர் பருக்கினாள். நீர்க்கடுப்புக்கு இத்தீவில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். மகன் அந்திக்குள் இறந்தான். எட்டாம் நாள் கத்தரீனாவின் உடல் கரையொதுங்கிற்று.

அன்றுமுதல் இரண்டு மணிக்கு மாக்கிறேற் விநாயகமூர்த்தியின் கட்டிலைவிட்டு அகலவில்லை, கண்ணிமைக்கவும் அஞ்சினாள்.

ஈரப் பாதச் சுவடுகள் வாசல்வரை வரும்.

அங்கே நிற்கும்.

ஒன்பதாம் நாள், அதே வேளையில், அளவுப் போத்தலில் இரண்டு அவுன்ஸ் சிறுநீர். மாக்கிறேற் விம்மி அழுதாள்.

"மூத்திரத்தைக் கண்டு அழுற ஆளை இப்பத்தான் பாக்கிறன்" என்றான் விநாயகமூர்த்தி சோர்ந்த குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்த வாசனையும் வந்தது.

முதுகுப் பக்கமிருந்து.

பஸ்ரியாம்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோபியாதையும், மிஸ்ஸி. அந்த மனுசி தந்தவ. நல்ல இனிப்பு."

பொழுதுபடுமுன் அவருடைய இதயம் நின்றது.

மறுநாள் இரண்டு மணிக்கு ஆறாங் கட்டில் வெறுமையாயிருந்தது. அதனருகே கிடந்த கதிரை, எவரும் தொடாமலே, விநாயகமூர்த்தியின் பக்கம் திரும்பியிருந்தது. இருக்கையிலிருந்து கடல்நீர் சொட்டிற்று.

அவன் முற்றாகத் தேற இன்னும் இரண்டு வாரமாவது செல்லும். மாக்கிறேற்றுக்கோ இருப்பவை இரண்டே கண்கள்; அவையும் மூடுகின்றன. வாசிப்பவரே, இரக்கப்பட்டுக்கொண்டு அங்கேயே இராதேயும். எழுந்து வாரும். நாளை இரண்டு மணிக்கு முன், கத்தரீனா வந்து இருப்பதற்கு முன், அந்தக் கதிரையில் நீர் இரும்.