மாஷிமாவிடம் விடைபெற்றது

கல்கத்தாவின் பவானிபூரில் சந்தானம் வாங்கிய வீட்டுக்குச் சாவி வாங்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். 1912, மாசி மாதம், சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள்தான். டிராமை விட்டு இறங்கிச் சந்துக்குள் நுழைந்து, பச்சை ஜன்னல்கள் வெளிறிப்போன அந்த மாடி வீட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேல்சுவரில் ஓர் அரசங்கன்று என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"வீட்டை வாங்கினியா, மரத்தை வாங்கினியா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். மரத்தை வெட்டிட்டா போச்சு" என்றான் அவன்.

நாங்கள் இருவரும் ஒரே செக்ஷனில் குமாஸ்தாக்கள். தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று அறிவித்த பிறகு கல்கத்தாவில் வீடுகள் மலிந்துவிட்டன. எங்கள் செக்ஷன் இங்கேயேதான் இருக்கும் என்று துரை சொல்லியிருந்தார். சந்தானம் நம்பினான். பழுது பார்த்து, மாடியில் தான் குடியிருந்துகொண்டு, கீழ்க்கட்டை நம் பக்கத்து மனிதர்கள் யாருக்காவது வாடகைக்கு விடுவது அவன் திட்டம். ஆனால் அவன் மனசில் இருந்தது வாடகை இல்லை. முந்தின வருஷம், வெயில் எட்டிப் பார்க்காத ஓர் ஈர அறையில், அவனுடைய முதல் குழந்தை இருமி இருமியே செத்துப்போனது. மனைவி ஜலஜா இரண்டாவது பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தாள். வரப்போகும் குழந்தையாவது வெயில் விழும் வீட்டில் வளர வேண்டும், பிழைத்துக் கிடக்க வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு.

உள்ளே கூடத்தில் ஒரு பிணம் கிடந்தது.

வீட்டை விற்றவரின் அக்காள். சின்ன வயதிலேயே விதவையாகி, கீழ் அறை ஒன்றில் இருபது வருஷமாக இருந்தவள். தெருவில் எல்லோருக்கும் மாஷிமா. நாம் சித்தி என்று கூப்பிடுவது மாதிரி. நாற்பது வயதுகூட இருக்காது. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் விடிவதற்குள் அவள் செத்துப்போயிருந்தாள். தம்பி சாவியை நீட்டினார்.

சந்தானம் வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்துக் கைகூப்பி, "போயிட்டு வரேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது நம்மில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தத் தம்பி புரியாமல் விழித்தார். சந்தானம் தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், "ஆஷி" என்றான். வங்காளிகளும் நம்மைப் போலத்தான். புறப்படும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். ஆஷி, வருகிறேன் என்பார்கள்.

தெருவுக்கு வந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏண்டா, அங்க போய் சொல்லிக்கலாமா?"

"வாய்ப்பழக்கம்டா. அவளுக்கென்ன, தமிழா தெரியும்?"

"அதான் பெங்காலியிலயும் சொல்லித் தொலைச்சியே."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலை தொடங்கியது. சந்தானம் காலையில் ஆறு மணிக்கு அங்கே போய், கொத்தனார் கரீம் மிஸ்திரிக்கு வேலை சொல்லிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு ஆபீஸ். ஐந்து மணிக்கு மறுபடி அங்கே, வெளிச்சம் போகிற வரைக்கும். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அங்கேதான். சட்டைக் கையில் சுண்ணாம்போடு ஃபைல் எடுத்துப் போய் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மாடி சித்திரையிலேயே முடிந்துவிட்டது. நல்ல வெயில், நல்ல காற்று. கீழ் அறைச் சுவர் மட்டும் எத்தனை தடவை பூசினாலும் காயவில்லை.

ஆடியில் ஆபீஸ் வேலை அதிகமாகி அவனால் இரண்டு நாள் போக முடியவில்லை. மூன்றாம் நாள் போனபோது கரீம் மிஸ்திரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அவர் ஹவுராப் பக்கத்திலிருந்து வருகிறவர். அந்தச் சாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"உள்ளே இருக்கிற மாஷிமா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பாபு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம், வந்த பிறகுதான் சாப்பிடுவேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாபு."

உள்ளே யாரும் இல்லை என்றான் சந்தானம்.

மிஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். பூச்சுக்கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அவனே பூசினான். ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் போனேன். மாடியில் வெயில் கொட்டிக் கிடந்தது. கீழே இறங்கினால் குளிர். நெய் விட்ட பச்சரிசிச் சோற்றின் வாசனை. அந்த வீட்டில் அடுப்பே இல்லை.

உள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எஷேச்சோ?"

வந்துவிட்டாயா என்று கேட்கிறது.

சந்தானம் திரும்பக்கூட இல்லை. சுவரைப் பூசிக்கொண்டே, "வந்துட்டேன், மாஷிமா" என்றான்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"தினம் கேக்கறா, பாலு" என்று ரகசியமாகச் சொன்னான். "பதில் சொல்லலேன்னா எழுந்து கதவுகிட்ட வரா."

"விட்டுட்டு வந்துடுடா."

"எங்க வரது? இருந்ததையெல்லாம் இதுல போட்டாச்சு. குழந்தையை மறுபடி அந்த ஈர அறைக்கா கூட்டிண்டு போறது?"

எனக்குப் பயமாக இருந்தது, அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

துர்கா பூஜை முடிந்ததும் ஜலஜா நாலு மாதப் பிள்ளையோடு வந்தாள். வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லி, காளிகாட்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் அவர்களைத் தங்க வைத்தான் சந்தானம். மாடியில் வேலை எப்போதோ முடிந்திருந்தது. பத்து நாளில் ஆபீஸில் உத்தரவு வந்தது. துரை சொன்னதெல்லாம் காற்றோடு போக, எங்கள் செக்ஷனில் சந்தானம் உள்படப் பாதிப் பேருக்கு டில்லி மாற்றல். மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சந்தானம் மேஜையில் கவிழ்ந்து சந்தோஷத்தில் அழுதான். நான் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டைப் பூட்டப் போனோம். யோசனை சொன்னவன் நான்தான்.

"இத்தனை நாளும் வரேன் வரேன்னு சொல்லித்தான் அவளை உக்காத்தி வெச்சிருக்கே. இன்னிக்குப் போறேன்னு சொல்லு. அதோட விட்டுது."

அவன் வாசற்படியில் நின்று சொன்னான். "மாஷிமா, நான் போறேன். இனிமே வரமாட்டேன்."

பூட்டைக் கையில் எடுத்தான்.

பிறகு உள்ளே துணி சரசரத்தது. தரையில் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்திருக்கிறார்கள்.

"ஆஷி."

தெளிவான பெண் குரல்.

சந்தானம் என் கையை இறுகப் பிடித்தான். "சொல்லிக்கறாடா. போறா, பாலு, போறா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வங்காளிகள் விடைபெறும்போது சொல்லும் வருகிறேன்தானே அது. உள்ளே போய்ப் பார்த்தோம். வெறும் சுவர், வெறும் தரை. எந்த வாசனையும் இல்லை. ஜுரம் விட்டவர்கள் மாதிரி டிராமில் திரும்பினோம். அன்றைக்கு அவன் மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பகல் வண்டி. ஹவுரா ஸ்டேஷனில் ஒரே கூட்டம். சந்தானம் முன்னால் ஆண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டான். நான் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஜலஜா இருந்த பெண்கள் பெட்டிக்கு வந்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் மடி காலியாக இருந்தது.

"குழந்தை எங்கே?"

"இதோ தூங்கறான், அண்ணா. டில்லி வரைக்கும் நல்ல துணை கிடைச்சிருக்கு. எனக்கு இனிமே பயமில்லை."

எதிர்ப் பலகையின் மூலையில், ஜன்னல் மூடிய இடத்தில், வெள்ளைப் புடவை உடுத்திய ஒருத்தி. தலையில் முக்காடு. முகம் தெரியவில்லை. மடியில் குழந்தை.

"யாரு அவா?"

"பெங்காலிதான். ஆனா தமிழ் என்னமாப் பேசறா தெரியுமோ? பவானிபூராம். நேத்திக்கே இவர்கிட்ட சொல்லிண்டுதான் கிளம்பினாளாம்."

வண்டி ஊதியது.

நான் ஜன்னலோடு ஓடினேன். "குழந்தையை வாங்கிக்கோம்மா" என்று கத்தினேன். சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை. ஜலஜா காதில் கை வைத்துக் காட்டிச் சிரித்தாள். முன்னால், சந்தானம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எனக்குக் கை அசைத்தான். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து, தூங்குகிற குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி, என்னைப் பார்த்து மெல்ல ஆட்டிக் காட்டியது.